குண்டும் கருணையும்



சில மாதங்களுக்கு முன் ஒரு பூரணை நாளன்று, மட்டாஞ்சேரியில் நாங்கள் கூடும் சிறு அறைக்கு இடுக்கி மலையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். தமிழ்க் குடும்பத்தவர். அவருடைய பாட்டனார் ஏலத்தோட்டக் கூலியாக மலையேறியவர். தந்தையார் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒன்றரை ஏக்கர் நிலம் வாங்கியவர். இவரோ ஐந்தாண்டுகளுக்கு முன் திரிசரணம் புகுந்து பஞ்சசீலம் ஏற்றவர். வணங்கி அமர்ந்தவர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பின்னர், "ஐயா, ஒன்று கேட்க வேண்டும், கோபிக்கக் கூடாது. காட்டுப்பன்றியைச் சுடுவதற்கு எந்தக் குண்டைப் போட்டால் பாவம் குறையும்?" என்றார்.

அறையில் இருந்தோர் சிலர் முகம் சுளித்தனர். "முதற் சீலமே கொல்லாமையாயிருக்க, சீலம் பூண்டவர் கேட்கும் கேள்வியா இது?" என்று ஒரு பெரியவர் கடிந்துகொண்டார். நான் கடியவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டபோது, முப்பது ஆண்டுகளுக்கு முன் நானே கேட்ட ஒரு கேள்வி என் நினைவுக்கு வந்தது. அதைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் அவருடைய நிலைமையைக் கேளுங்கள். அவர் நிலத்தில் மரவள்ளியும் வாழையும் சேனையும் விளைகின்றன. ஓர் இரவில் பன்றிக் கூட்டம் புகுந்தால் ஆறு மாத உழைப்பு சேறாகிவிடுகிறது. பன்றி தின்பது கொஞ்சம். கிளறிப் போடுவதே மிகுதி. கேரள அரசு 2022 மே மாதத்தில் ஓர் ஆணை பிறப்பித்தது. பயிரையும் மக்களையும் கெடுக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதிக்கும் அதிகாரம், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஊராட்சித் தலைவர்க்கும் நகராட்சித் தலைவர்க்கும் மேயர்க்கும் அவ்வாணையால் வழங்கப்பெற்றது; பின்னர் அது நீட்டிக்கவும் பெற்றது. துப்பாக்கி உரிமம் உடையோரின் பெயர்ப்பட்டியல் ஒன்று இருக்கும். முறையீடு வந்தால் அவர்களுள் ஒருவரை அழைப்பார்கள். நஞ்சாலும் வெடியாலும் மின்சாரத்தாலும் கொல்லலாகாது. கொன்ற உடலை உண்ணலாகாது, புதைத்துவிட வேண்டும். நம் இளைஞரிடம் தந்தையார் விட்டுச்சென்ற இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று உரிமத்தோடு இருந்தது. அண்டை வீட்டார் ஐவர் கூடி, "உன் பெயரைப் பட்டியலில் கொடு, எங்களையும் காப்பாற்று" என்று நெருக்கியிருக்கின்றனர்.

நண்பகலில் அவரை வெளியே அழைத்துச் சென்றேன். எங்கள் ஊரில் குஜராத்திச் சாலையில் தர்மநாதர் சமணக் கோயில் இருக்கிறது. நாள்தோறும் உச்சிவேளையில் அங்கே புறாக்களுக்குத் தானியம் இடுவார்கள். நூற்றுக்கணக்கான புறாக்கள் ஒருசேர இறங்கி உண்பதைக் காண மக்கள் வந்து நிற்பார்கள். அதைக் கண்டால் அவர் மனம் இளகும் என்று எண்ணினேன். அவரோ சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "ஐயா, இவர்கள் தானியத்தை விலைக்கு வாங்கி இடுகிறார்கள், அது புண்ணியம். நான் விளைவிக்கிறவன். பன்றி தின்றுவிட்டால் என் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லை. வாங்குகிறவனுக்குக் கருணை எளிது, விளைவிக்கிறவனுக்கு எளிதன்று" என்றார்.

நான் வாயடைத்து நின்றேன். அவர் கூறியதில் உண்மை இருந்தது. பன்றி வராத தெருவில் குடியிருந்துகொண்டு மலையிலுள்ளவனுக்குக் கொல்லாமையைப் போதிப்பது மிக எளிய காரியம். ஆகவே அவருடைய கேள்விக்கு, அவர் கேட்டபடியே, நேரான விடை தேட வேண்டியது என் கடமையாயிற்று. அவ்விடையைத் தேடிச் சென்றபோது நான் கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

குண்டுகளைப் பற்றி எனக்கிருப்பது ஏட்டறிவே. நூலகத்தில் படித்ததும், ஓய்வு பெற்ற படைவீரர் ஒருவரிடம் கேட்டதுமாகச் சேர்த்த அறிவு அது. ரைபிளுக்குரிய குண்டு பெரும்பாலும் ஈயத்தால் ஆகியது. அதன்மேல் செம்பு கலந்த உறை ஒன்று இருக்கும். உறை முனைவரை முழுதும் மூடியிருந்தால் அது முழுவுறைக் குண்டு. உடலுள் புகுந்தால் உருக்குலையாமல் ஊசிபோல் துளைத்து மறுபுறம் சென்றுவிடும். முனையில் மட்டும் ஈயம் வெளியே தெரியுமாறு விட்டிருந்தால் அது மென்முனைக் குண்டு. அது தசையில் பட்டதும் முனை நசுங்கிக் காளான்போல் விரியும். தன் விசை முழுவதையும் உடலுக்குள்ளேயே இறக்கும். முனையில் குழி விட்டுச் செய்வதும் உண்டு. உறையை மிக மெல்லியதாகச் செய்து, பட்டவுடன் தூள்தூளாகச் சிதறுமாறு அமைப்பதும் உண்டு.

இவற்றுள் எதை எடுப்பது என்ற ஆராய்ச்சி வட அமெரிக்காவில் பெரிதாக நடக்கிறது. அங்கே கயோட்டி என்றொரு விலங்கு உண்டு. நம் நாட்டு நரிக்கு அது நெருங்கிய உறவு. பெரும்பாலும் 9 முதல் 20 கிலோ வரை எடையுள்ளது. ஆட்டுக்குட்டிகளையும் கன்றுகளையும் பிடிப்பதால் பண்ணையாளர்க்குப் பகை. தோலுக்கு விலையுண்டு என்பதால் வேட்டைக்காரர்க்கு இலக்கு. தோலை நாடுவோர் சிதறும் குண்டையே விரும்புவர். சிறு துளையாக உட்புகுந்து உள்ளேயே நொறுங்கிவிட்டால் மறுபுறம் கிழியாது, தோல் கெடாது. பண்ணையாளரோ எது விரைவில் வீழ்த்தும், எது தெறித்து வேறிடம் பாயாது என்று பார்ப்பர். விலங்கு ஒன்றே, குண்டை மாற்றுவது சுடுகிறவனுடைய நோக்கம்.

அதே சிதறும் குண்டைக் காட்டுப்பன்றியின்மீது விட்டால் என்ன ஆகும்? வளர்ந்த ஆண்பன்றியின் தோளில் கேடயம்போலத் தடித்த தோலும் திசுவும் உண்டு. மெல்லிய குண்டு அங்கேயே நொறுங்கி மேற்புண் மட்டும் உண்டாக்கலாம். பன்றி ஓடிவிடும், எங்கோ ஒரு புதரில் பல நாள் கிடந்து அழுகிச் சாகும். சிறு ரவை நிறைத்த தோட்டாவாலும் இதே கேடு விளையும். இரட்டைக்குழல் துப்பாக்கியின் ரவைகள் தூரம் செல்லச் செல்லப் பரவும். முப்பது நாற்பது மீட்டருக்கு அப்பால் அவை கொல்வதைக் காட்டிலும் புண்படுத்துவதே மிகுதி. முழுவுறைக் குண்டோ துளைத்துக்கொண்டு போய்ப் பின்னால் நிற்பவரையும் தாக்கக்கூடும். ஆகவே, 'எந்தக் குண்டாயிருந்தால் என்ன, எல்லாம் கொலைதானே' என்று சொல்லிக் கைகழுவுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஒரு நொடியில் முடியும் சாவும் மூன்று நாள் நீளும் சாவும் சாகின்ற உயிருக்கு ஒன்றல்ல.

நிற்க. இக்குண்டுகளின் சரித்திரத்தில் நாம் கருத வேண்டிய ஒரு செய்தி உண்டு. அதுவும் நம் நாட்டு மண்ணிலேயே தொடங்கியது. 1895இல் வடமேற்கு எல்லையில் சித்ரால் என்னுமிடத்தில் ஆங்கிலேயர் போர் செய்தனர். தங்களுடைய புதிய ரைபிளின் முழுவுறைக் குண்டு எதிரியைத் துளைத்தாலும் அவன் வீழாமல் முன்னேறி வருகிறான் என்று படையினர் குறை கூறினர். அதன்பின், கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலத் தொழிற்சாலையில் கேப்டன் நெவில் பெர்ட்டி கிளே என்பவர் முனையில் ஈயம் தெரியும் குண்டைச் செய்தார். அதனாலேயே விரிந்து கிழிக்கும் குண்டுக்கு உலகமெங்கும் டம்டம் குண்டு என்று பெயர் வழங்கலாயிற்று.

1899இல் ஹேக் நகரில் கூடிய சமாதான மாநாடு, மனித உடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என்று பிரகடனம் செய்தது. அதற்கு முன்னரே, 1868இல், 400 கிராமுக்குக் குறைந்த வெடிகுண்டுகளை விலக்கும் பிரகடனம் ஒன்று செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் உண்டாகியிருந்தது. ஹேக் மாநாட்டில் பிரிட்டிஷ் பிரதிநிதியாயிருந்த சர் ஜான் ஆர்டா இந்த விலக்கை எதிர்த்தார். அவருடைய வாதம் யாதெனில், நாகரிக நாட்டுப் போர்வீரன் குண்டு பட்டதும் தன்னைக் காயமுற்றவன் என்றுணர்ந்து விலகிவிடுவான். காட்டுமிராண்டியோ பலமுறை துளைக்கப்பட்டும் பாய்ந்து வருவான். ஆதலின் அவனுக்கு இக்குண்டு வேண்டும் என்பது. பிரிட்டன் 1907இல்தான் அப்பிரகடனத்தை ஏற்றது.

அன்பர்களே! இதைப் படித்தபோது என் கை நடுங்கிற்று. குண்டுக்கும் வருணம் கற்பித்துவிட்டார்களே! மேலோனுக்குச் சிறு துளை. கீழோனுக்குப் பெரும் புண். கிணற்றிலும் தெருவிலும் சுடுகாட்டிலும் இந்தக் கணக்கைக் கண்டவர்கள் நம் முன்னோர். ஆதலின் இதன் பொருளை நமக்கு ஒருவர் விளக்க வேண்டியதில்லை. ஓர் உயிரின் நோவு மற்றோர் உயிரின் நோவைவிடக் குறைவானது என்று ஒருவன் முடிவு செய்துவிட்டால், அவனுக்குக் குண்டைத் தேர்வது வெறும் கணக்காகிவிடும்.

இனி அச்செய்தியின் மறுபக்கத்தைக் காண்போம். போரில் மனிதன்மீது விலக்கப்பட்ட அதே விரியும் குண்டைத்தான் மானை வேட்டையாடுவோர் பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. பிரிட்டனின் 1991ஆம் ஆண்டு மான்கள் சட்டத்தின்படி, ரைபிளால் மானைச் சுடும்போது மென்முனை அல்லது குழிமுனைக் குண்டன்றி வேறு குண்டு கூடாது. மனிதனுக்குக் கொடுமை என்று விலக்கியது மானுக்கு இரக்கம் என்று விதிக்கப்படுவது எவ்வாறு?

பொருத்தம் இல்லாததுபோல் தோன்றினாலும் காரணம் தெளிவானது. போரில் வீரனை விலகச் செய்வதே போதும் என்பது அப்பிரகடனங்களின் கருத்து. காயமுற்றவனைத் தூக்கிச் செல்ல ஆள் உண்டு. கட்டுக்கட்ட மருத்துவர் உண்டு. அவன் பிழைத்து வீடு திரும்பலாம். ஆகவே அவனுக்குச் சிறிய புண்ணே இரக்கம். காட்டில் காயமுற்ற மானுக்குத் தூக்குவாரும் இல்லை, மருந்திடுவாரும் இல்லை. அதற்குச் சிறிய புண் நீண்ட சாவு. ஆகவே விரைவில் முடிப்பதே இரக்கம் என்றனர். இதனால் நாம் அறிவது என்ன? கருணை குண்டில் இல்லை. ஒரே குண்டு ஓரிடத்தில் கொடுமையாகவும் மற்றோரிடத்தில் இரக்கமாகவும் எண்ணப்படுகிறது. நோகின்ற உயிருக்கு அடுத்து என்ன நேரும் என்று நினைத்துப் பார்க்கும் உள்ளத்திலேதான் கருணை இருக்கிறது.

எனின், நல்ல குண்டைத் தேர்ந்தவன் பாவமற்றவனாகிவிடுவானா? பகவன் புத்தர் இதைப் பற்றி என்ன கூறுகிறார் என்று பார்ப்போம். மருத்துவர் ஜீவகருக்கு உரைத்த சூத்திரத்தில், தமக்கென்று ஒரு பிராணியைக் கொல்லுவிப்பவன் ஐந்து இடங்களில் தீவினை ஈட்டுகிறான் என்று பகவன் எண்ணிக் காட்டுகிறார். அதைக் கொண்டுவா என்று ஏவுவது ஒன்று. கழுத்தில் கயிறிட்டு இழுக்கப்படும்போது அப்பிராணி படும் துன்பம் இரண்டு. கொல் என்று ஏவுவது மூன்று. கொல்லப்படும்போது அது படும் துன்பம் நான்கு. தகாத அவ்வுணவை அளிப்பது ஐந்து. சாவு வேறு, சாவில் படும் துன்பம் வேறு, சாவுக்கு முன் படும் அச்சம் வேறு என்று பகவன் தனித்தனியே பிரித்து எண்ணியதைக் கவனியுங்கள். உரையாசிரியர்களும் கொலைக்கு ஐந்து அங்கம் கூறினர்: உயிர் இருத்தல், உயிர் என்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்குரிய முயற்சி, அதனால் நேரும் சாவு. முயற்சியின் அளவுக்கும் உள்ளத்திலுள்ள வெறியின் அளவுக்கும் ஏற்பக் குற்றம் ஏறும், இறங்கும் என்றும் அவர்கள் உரைத்தனர்.

எனவே நம் இளைஞருக்கு உரிய விடை இரண்டு பகுதியாகிறது. துன்பத்தைக் குறைத்தால் துன்பத்தால் வரும் குற்றம் குறையும், இது மெய். ஆனால் எண்ணமும் ஏவலும் கொலையும் நின்றபடியே நிற்கும், எந்தக் குண்டும் அவற்றைக் குறைக்காது, இதுவும் மெய். முதலாவதை மட்டும் பிடித்துக்கொள்பவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொள்பவன் நோகின்ற உயிரைக் கைவிடுகிறான்.

இப்போது என் கதையைக் கூறுகிறேன். நான் மட்டாஞ்சேரியில் ஓர் எண்ணெய் ஆலையில் 22 ஆண்டுகள் உழைத்தவன். கொப்பரைக் கிடங்கில் எலித்தொல்லை பெரிது. தொடக்கத்தில் துத்தநாகப் பாஸ்பைடு என்னும் கரு மருந்தைத் தீனியில் கலந்து வைத்தோம். எலிகள் விரைவில் செத்தன. ஆனால் மூட்டைகளுக்கிடையே செத்துக் கிடந்து நாறின. பின்னர் இரத்தம் உறையாமற் செய்யும் மருந்துக் கட்டிகள் வந்தன. அவற்றைத் தின்ற எலி பல நாள் கழித்து, உள்ளே இரத்தம் கசிந்து சாகும். மேற்பார்வையாளர் என்னிடம், "எந்த மருந்து நல்லது?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இரண்டாவதே நல்லது, எலி வெளியே போய்ச் சாகும், கிடங்கில் நாற்றம் இராது" என்று தேர்ந்து சொன்னேன். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் ஓர் எலி அசையமாட்டாமல் கிடந்தது. காலையில் கண்டேன், மாலையிலும் மூச்சு இருந்தது, மறுநாட் காலையிலும் இருந்தது. அந்த இரண்டு நாளும் நான் அக்குழாயிலேதான் கைகழுவினேன்.

எட்டு ஆண்டுகள் எந்த மருந்து என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். எலி எவ்வழியே வருகிறது என்று எங்களுள் ஒருவரும் கேட்கவில்லை. ஒருநாள் மூட்டை சுமக்கும் முதியவர் ஒருவர் கிடங்கின் பின்கதவுக்கடியில் இருந்த கையகலச் சந்தைக் காட்டினார். அதைத் தகடு வைத்து அடைத்தோம். மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்திப் பலகைமேல் அடுக்கினோம். சிந்திய கொப்பரையை அன்றன்று பெருக்கினோம். எலி அறவே ஒழிந்தது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் மருந்து வைத்த எட்டு ஆண்டுகளில் குறையாதது அந்த ஓராண்டில் குறைந்தது. அன்றுதான் ஒன்றை உணர்ந்தேன். எந்த மருந்து என்ற கேள்வி கெட்டதன்று. ஆனால் அது முதற் கேள்வியின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, முதற் கேள்வி கேட்கப்படாமற் செய்துவிடுகிறது. தேர்ந்தெடுக்கும் திறமையே நம்மை நல்லவர் என்று நம்பச் செய்துவிடுகிறது.

அமெரிக்காவின் கயோட்டியும் இதையே கற்பிக்கிறது. நூறாண்டுக்கும் மேலாக அதைச் சுட்டனர், கண்ணி வைத்தனர், நஞ்சிட்டனர். பொதுநிலங்களில் அரசே நஞ்சிடுவது 1972இல் குடியரசுத் தலைவர் நிக்ஸனின் ஆணையால் தடுக்கப்பட்டது. இவ்வளவு கொன்றும் அவ்வினம் அழியவில்லை. முன் இல்லாத பகுதிகளிலும் இன்று பரவியிருக்கிறது. கொலை மிகுந்த இடங்களில் எஞ்சியவை மிகுதியாகக் குட்டி ஈனுவதை விலங்கியலார் கண்டுள்ளனர். குண்டு நாளுக்கு நாள் திருந்தியது; குண்டு வேண்டியிருந்த நிலைமை மட்டும் திருந்தவில்லை.

கூடதந்த சூத்திரத்தில் ஓர் அரசனுடைய வரலாறு வருகிறது. நாட்டில் கொள்ளை மிகுந்திருந்தது. கொன்றும் சிறையிட்டும் அதை ஒழிக்கலாம் என்று எண்ணினால் எஞ்சியவர் பின்னும் துன்புறுத்துவர் என்று புரோகிதர் அறிவுறுத்துகிறார். உழவனுக்கு விதையும் தீனியும் கொடு. வணிகனுக்கு முதல் கொடு. ஊழியனுக்கு ஊதியம் கொடு என்கிறார். அது மனிதரைப் பற்றிய பேச்சாயினும், முறை நமக்கும் பொருந்தும். தண்டிப்பதற்கு முன் காரணத்தைக் காண். காரணத்தைத் தீர்க்கும் செலவை ஒருவன் தலையில் சுமத்தாமல் நாடே ஏற்றுக்கொள். மலையிலுள்ள ஏழை உழவனுக்குச் சூரியமின் வேலிக்கும் கல்மதிலுக்கும் பயிரிழப்புக்கும் காலத்தில் பணம் கொடாமல், "கொல்லாதே" என்று மட்டும் கூறும் சமூகமும் அப்பன்றியின் சாவில் பங்குடையது. அவன் கையில் துப்பாக்கியை வைத்தது யாரென்று கேட்டால், நாமும் விடை கூற வேண்டியவர்களே.

துப்பாக்கி இல்லாதவன் என்ன செய்கிறான் என்பதையும் மறக்கலாகாது. பன்றிக்கென்று வெடிமருந்து பொதிந்த தீனியை வைப்பது மலைப்பகுதிகளில் நெடுநாளைய தீய வழக்கம். 2020 மே மாதத்தில் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானை ஒன்று அத்தகைய வெடித்தீனியைக் கடித்து வாய் சிதைந்தது. உண்ண இயலாமல் வெள்ளியாற்று நீரில் வாயை அமிழ்த்தி நின்று, மே 27 அன்று அங்கேயே உயிர்நீத்தது. சட்டம் வெடியையும் நஞ்சையும் மின்கம்பியையும் விலக்கியதன் பொருள் இதுவே. அவற்றுக்குக் கண் இல்லை. பன்றியா, யானையா, பக்கத்து வீட்டுக் குழந்தையா என்று அவை பார்ப்பதில்லை. வைத்தவனும் அங்கே நின்று தன் செயலின் பயனைப் பார்ப்பதில்லை.

இவற்றையெல்லாம் எண்ணியபின் அவ்விளைஞருக்கு நான் கூறியது இதுவே: "தம்பி, கொல்லாமல் இருக்க வழியிருக்குமானால் அதுவே தர்மம், அதில் மாற்றம் இல்லை. பட்டியலில் பெயர் கொடு என்று சட்டம் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. முதலில் ஐந்து வீட்டாரும் சேர்ந்து வேலி போடப் பாருங்கள். ஊராட்சியிடம் உதவி கேளுங்கள். காட்டை ஒட்டிய வரிசையில் மரவள்ளியை வைக்காதீர்கள். அதற்குப் பின்னும் துப்பாக்கியை எடுத்தாயானால், அதைத் தர்மம் என்று சொல்லாதே. செய்யத்தகாததைச் செய்கிறேன் என்று அறிந்து செய். அறிந்து செய்பவன் சில காரியங்களைச் செய்யமாட்டான். ஒரே அடியில் முடியும் என்ற உறுதி இல்லாத தூரத்தில் சுடமாட்டான். சிறு ரவையால் சுடமாட்டான். குட்டிகளோடு வரும் தாயைச் சுடமாட்டான். காயமுற்று ஓடியதை விட்டுவிட்டுத் தூங்கப் போகமாட்டான். செத்ததன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளமாட்டான்."

அறையில் கடிந்துகொண்ட பெரியவர், "இப்படிச் சொன்னால் கொலைக்கு நீரே வழிகாட்டுவதாகாதா?" என்று என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி, நானும் பல இரவுகள் அதை எண்ணிப் பார்த்தேன். நமது மணிமேகலைக் காப்பியத்தில் சாதுவன் என்னும் வணிகன் கப்பல் உடைந்து நாகர் வாழும் கரையில் ஒதுங்குகிறான். அவர்கள் கொன்று தின்னும் கூட்டத்தார். சாதுவன் அவர்கள் மொழியறிந்தவனாதலால் தலைவனுக்கு வினைப்பயனை விளக்குகிறான். அத்தலைவன், ஊனையும் கள்ளையும் விட்டு எங்களால் உயிர்வாழ முடியாது. எங்களுக்கு ஆகக்கூடிய அறம் எதுவோ அதைச் சொல் என்கிறான். சாதுவன் அவனை இகழவில்லை. கப்பல் உடைந்து வருவோரைக் கொல்லாமல் காப்பாற்றுங்கள். மூப்பால் தானே இறந்த விலங்கைத் தவிர மற்றவற்றுக்குத் தீங்கு செய்யாதீர்கள் என்று அவர்களால் ஏறக்கூடிய படியைக் காட்டுகிறான். படியைக் காட்டுவது வேறு. அப்படியிலேயே நின்றுவிடு என்பது வேறு. ஏற முடியாத உயரத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போகிற போதகனால் நாகர்களுள் ஒருவனும் ஒரு படியேனும் ஏறியிருக்கமாட்டான்.

மூன்று பூரணை கழித்து அவ்விளைஞர் மீண்டும் வந்தார். மெலிந்திருந்தார். "ஐயா, ஒன்றைச் சுட்டேன். நீங்கள் சொன்னபடி கிட்ட வரும்வரை பொறுத்திருந்து, பெரிய ரவையால் சுட்டேன். ஒரே அடி, விழுந்த இடத்திலேயே போய்விட்டது. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. எல்லாம் சரியாகத்தானே செய்தேன், ஐயா?" என்றார்.

"சரியாகச் சுட்டாய், தம்பி. தூக்கம் வராததும் சரியே. பாவத்துக்கு நாணுவதும் அஞ்சுவதும் உலகைக் காக்கும் இரண்டு தர்மங்கள் என்று பகவன் கூறியிருக்கிறார். அந்த நாணம் உன்னிடம் இருக்கிறது. அதை மருந்து போட்டு ஆற்றிவிடாதே" என்றேன்.

அவர் அதன்பின் பட்டியலிலிருந்து தம் பெயரை எடுத்துக்கொண்டார். ஐந்து வீட்டாருள் இருவர் வேலிக்குச் சம்மதித்தனர். மூவர் இன்னும் சம்மதிக்கவில்லை. வேலியில்லாத பக்கமாகப் பன்றி இன்றும் வருகிறது. சென்ற மாதம் பாதி மரவள்ளி போயிற்று. எங்கள் சங்கத்தார் கூடிச் சிறு தொகை சேர்த்து அவ்வேலிக்கென்று அனுப்பினோம். முதல் நாள் அவரைக் கடிந்துகொண்ட பெரியவரே முதலில் பணம் கொடுத்தார். புறாவுக்குத் தானியம் வாங்கும் காசிலிருந்து ஒரு பங்கு மலைக்குப் போகட்டும் என்று கூறினார்.

உபாசக உபாசிகைகளே! நம்முள் பலர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. அதனால் இக்கட்டுரை நமக்கன்று என்று எண்ணிவிடாதீர்கள். எலிக்கு மருந்து, கரையானுக்கு மருந்து, கடன்காரனுக்குச் சொல், வேலையாளுக்குத் தண்டனை என்று நாம் நாள்தோறும் குண்டு தேர்ந்துகொண்டேதான் இருக்கிறோம். எது மெல்லியது, எது விரைவானது என்று தேர்ந்து, தேர்ந்ததனாலேயே நம்மைக் கருணையுள்ளவர் என்று மெச்சிக்கொள்கிறோம். தேர்வது நல்லதே, நோகின்ற உயிரின் நோவைக் குறைப்பது எப்போதும் நல்லதே. ஆயினும் தேர்வதற்கு முன் ஒருகணம் நின்று, கதவடியில் சந்து எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அதை அடைக்கும் செலவில் நம் பங்கு எவ்வளவு என்றும் கேளுங்கள்.